அப்பாவுக்கு வந்தது இரண்டாவது பக்கவாதமா, வலிப்பா? இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் என் தாயுடனும் அத்தையுடனும் இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. வலப்பக்க மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இயன்முறைப் பயிற்சியால் நன்றாகத் தேறிவிட்டார். சட்டைப் பொத்தான் போடும்போது இடக்கை விரல்கள் சற்றுத் தடுமாறும், அவ்வளவுதான். விடியற்காலையில் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும் பழக்கத்தைக்கூட அவர் விடவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியளவில் அவர் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தாள் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டு அம்மா வெளியே வந்தபோது, நாளிதழைப் பிடித்திருந்த இடக்கை மட்டும் துடித்துக்கொண்டிருந்ததாம். என்ன என்று கேட்பதற்குள் துடிப்பு தோளுக்கு ஏறியது. முகத்தின் இடப்பக்கம் வெட்டி இழுத்தது. கண்கள் இரண்டும் இடப்பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றன. பிறகு அவர் நினைவிழந்து சாய்ந்தார். கைகால்கள் எல்லாம் உதறின. அத்தை ஓடிப்போய்க் கொத்துச்சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தார். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் உதறல் நின்று, குறட்டை போன்ற மூச்சு வந்தது. அடுத்த அரை மணி நேரம் அம்மாவைக்கூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெளிந்து பார்த்தால் இடக்கையும் இடக்காலும் துணிபோலத் துவண்டு கிடந்தன.

'மறுபடியும் இழுத்துவிட்டது' என்று வீடே அழுதது. முதலில் கொண்டுசென்ற மருத்துவமனையில், கைகால் விழுந்திருப்பதைப் பார்த்து இரண்டாவது பக்கவாதம் என்றார்கள். சி.டி. ஸ்கேனில் பழைய பாதிப்பு மட்டுமே தெரிவதாக எழுதியிருந்தது. ஆனால் அன்று இரவே விரல்கள் அசைந்தன. மறுநாள் மதியம் எழுந்து நடந்துவிட்டார். அதன்பின் திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் நடந்ததை எல்லாம் அம்மாவின் வாயாலேயே கேட்டுவிட்டு, இது பக்கவாதம் அன்று, பழைய பக்கவாதம் மூளையில் விட்டுச்சென்ற தழும்பிலிருந்து கிளம்பிய வலிப்பு, பின்னர் வந்த தளர்ச்சிக்கு டாட் வாதம் என்று பெயர் என்றார். லெவெட்டிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரையை 500 மில்லிகிராம் காலையும் இரவும் எழுதிக்கொடுத்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி.யும் எடுக்கச் சொன்னார்.

வலிப்பு என்றால் கைகால் எப்படி விழும்? பக்கவாதம் என்றால் ஒரே நாளில் எப்படிச் சரியாகும்? இதில் எங்கள் அத்தையின் கவலை வேறு. வரும் தை மாதத்தில் என் தங்கையின் திருமணம். 'யார் கேட்டாலும் பக்கவாதம் என்றே சொல்லுங்கள், வலிப்பு என்ற சொல் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது' என்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

நரம்பியல்_கோவை (மறுமொழி)

நான் நரம்பியல் மருத்துவன். நேரில் பார்க்காத ஒருவருக்கு இங்கிருந்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் உங்கள் தாயார் பார்த்துச் சொன்னவற்றுள் பாதி விடை இருக்கிறது. பல நேரங்களில் ஸ்கேன்கூட இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

பக்கவாதம் என்பது இரத்த ஓட்டத்தின் கோளாறு. மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான் என்றாலும், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. சேமித்துவைக்கும் வசதியும் அதற்கு இல்லை. ஆகவே ஒரு குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி உடனே வேலையை நிறுத்திவிடுகிறது. பக்கவாதங்களில் பெரும்பாலானவை, நூற்றுக்கு ஏறத்தாழ 85, அடைப்பினால் வருபவை. மற்றவை இரத்தக்கசிவினால் வருபவை. வலிப்போ மின்னோட்டத்தின் கோளாறு. நரம்பணுக்களின் ஒரு கூட்டம் கட்டுப்பாட்டை மீறி ஒரே நேரத்தில் மின்துடிப்புகளை வெளியிடுவதும், அது பக்கத்துப் பகுதிகளுக்குப் பரவுவதுமே வலிப்பு. மின்சாரம் நின்ற வீட்டையும், கம்பி உரசித் தீப்பொறி பறக்கும் வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் பக்கவாதத்தில் பெரும்பாலும் இருந்தது இல்லாமல் போகிறது: கை தூக்க முடியவில்லை, பேச்சு வரவில்லை, ஒரு பக்கம் உணர்வில்லை, பாதிப் பார்வை தெரியவில்லை. வலிப்பில் இல்லாதது வந்து சேர்கிறது: துடிப்பு, வெட்டியிழுப்பு, இல்லாத நாற்றம், தோலில் ஊர்ந்து ஏறும் கூச்சம். உங்கள் தந்தைக்குத் துடிப்பு விரலில் தொடங்கித் தோளுக்கும் முகத்துக்கும் ஏறியிருக்கிறது. மூளையின் மேற்பரப்பில் கைக்கும் முகத்துக்குமான இடங்கள் அடுத்தடுத்து இருப்பதால், மின்கிளர்ச்சி பரவப் பரவ உடலில் துடிப்பும் அதே வரிசையில் நகர்கிறது. இப்படி நகர்வதை 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் விரிவாக விளக்கியதால் அவர் பெயராலேயே அழைக்கிறோம். பக்கவாதமோ பெரும்பாலும் நொடிப்பொழுதில் ஒரே அடியாக விழும்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது கண்களைப் பற்றிய குறிப்புதான். வலப்பக்க மூளையில் பெரிய அடைப்பு ஏற்பட்டு இடக்கை விழுந்திருந்தால், கண்கள் வலப்பக்கமாக, அதாவது பாதிக்கப்பட்ட மூளையின் பக்கமாகத் திரும்பியிருக்கும். இரு கண்களையும் இடப்பக்கம் தள்ளுவது வலப்பக்க மூளையின் வேலை, அந்த வேலை நின்றுபோவதே காரணம். வலிப்பில் அதே பகுதி அளவுக்கு மீறி வேலை செய்வதால் கண்கள் எதிர்ப்பக்கம், அதாவது துடிக்கும் கையின் பக்கம் தள்ளப்படுகின்றன. உங்கள் தந்தையின் கண்கள் இடப்பக்கம் நின்றன. இதைக் கவனித்து நினைவில் வைத்துக்கொண்ட உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வலிப்புக்குப் பின் கைகால் விழுவதை ராபர்ட் பென்ட்லி டாட் என்ற மருத்துவர் 1849-இல் விளக்கினார். கிளர்ந்தெழுந்த பகுதி ஓய்ந்து களைத்துப் பல மணி நேரம் செயலற்றிருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள், சிலருக்கு இரண்டு நாளுக்குள் மீண்டுவிடுகிறது. முன்பே அந்தப் பக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்தத் தளர்ச்சி நீண்ட நேரம் நிற்கக்கூடும். ஆகவே முதல் மருத்துவர் ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அவர் பார்த்த வேளையில் துடிப்பு முடிந்துவிட்டது. ஏற்கெனவே பக்கவாதம் வந்த ஒருவரின் கைகால் விழுந்திருப்பது மட்டுமே அவர் கண்முன் இருந்தது. அந்த நிலையில் பக்கவாதமாக இருக்கலாம் என்று தொடங்குவதே பாதுகாப்பானது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சி.டி.யில் புதிதாக எதுவும் இல்லை என்பது பக்கவாதம் இல்லை என்பதற்குச் சான்று அன்று. இரத்தக்கசிவு சி.டி.யில் உடனே வெள்ளையாகத் தெரியும்; அடைப்போ முதல் சில மணி நேரங்களில் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் பரவல் படங்கள் என்ற வகைப் படங்களில் புதிய அடைப்பு விரைவிலேயே பளிச்சென்று தெரியும். நாள்கள் சில கடந்திருந்தாலும் அதன் தடம் இருக்கும். எடுக்கத் தயங்க வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற செவிலி (மறுமொழி)

தம்பி, நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் வீட்டார் சொன்ன 'இழுத்துவிட்டது' என்ற சொல்லை நான் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ தெரியாது. வாய் கோணினாலும் இழுத்துவிட்டது, கைகால் உதறினாலும் இழுத்துவிட்டது, மூச்சிரைப்பு வந்தாலும் இழுப்பு. மூன்றும் மூன்று நோய், சொல் ஒன்றே. அதனால் நான் உடன் வந்தவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: 'துடித்ததா, துவண்டதா?' துடித்து அப்புறம் துவண்டதென்றால் வலிப்பைப் பற்றி யோசிப்போம். துடிக்காமலே துவண்டதென்றால் அடுத்த நொடி ஸ்கேன் அறைக்குச் சொல்லி அனுப்புவோம். இந்த ஒரு கேள்வியால் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லவில்லை. பக்கவாதத்தின் தொடக்கத்திலேயே வலிப்பும் சேர்ந்து வருபவர்கள் நூற்றில் சிலர் இருக்கிறார்கள். குறிப்பாகப் பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் கடும் தலைவலியோடு வலிப்பும் கைகால் தளர்ச்சியும் ஒருங்கே வந்த இளம்பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அடைபட்டிருந்தது தமனி அன்று, மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரை.

இரண்டாவது கேள்வி, 'கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?' என்பது. எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், கட்டிலிலிருந்து விழுந்து கிடந்ததைக் கண்ட நேரத்தைச் சொல்வார்கள். எங்களுக்கு அது பயன்படாது. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை ஆறு மணிக்குக் கைவிழுந்து எழுந்தால் கணக்குப் பத்து மணியிலிருந்துதான் தொடங்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே எடுப்பதை ஆறு மணி நேரத்துக்குள்ளும், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க பகுதி மிச்சமிருக்கும் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள்.

கொத்துச்சாவியைப் பற்றி உங்கள் அத்தையிடம் கோபிக்க வேண்டாம். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துவருவதற்கும் அது நிற்பதற்கும் நேரம் சரியாக இருப்பதால் சாவிதான் நிறுத்தியது என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வந்துவிட்டது. சாவியால் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் உதறும் கையைப் பிரித்து இரும்பைத் திணிக்கும்போது விரல் முறிந்து வந்தவர்களும் உண்டு. பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுவதுதான் பெரிய ஆபத்து. பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. செய்ய வேண்டியது எளியது: தலைக்கடியில் ஒரு துண்டு, பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தல், கடிகாரத்தைப் பார்த்தல். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ, முதல்முறை வலிப்பாக இருந்தாலோ 108-ஐ அழைத்துவிட வேண்டும். வீட்டில் கைபேசி வைத்திருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் அரை நிமிடமாவது காணொளி எடுக்கச் சொல்லுங்கள். அப்பா உதறிக்கொண்டிருக்கும்போது படம் பிடிப்பதா என்று மனம் கூசத்தான் செய்யும். ஆனால் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

பக்கவாதம் என்று ஐயம் வந்தால் வீட்டில் செய்யக் கூடாதவை வேறு. வாய் கோணியிருக்கிறதா, இரு கைகளையும் நீட்டினால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். காப்பி கொடுக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அடைப்பா கசிவா என்பது சி.டி. எடுக்காமல் யாருக்கும் தெரியாது. மாரடைப்புக்கு வைத்திருக்கும் நாக்கடி மாத்திரையைப் பக்கவாதத்துக்கும் வைத்து, இரத்த அழுத்தம் சரிந்து, அரைகுறையாக இரத்தம் போய்க்கொண்டிருந்த பகுதியையும் இழந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

சின்னமணி (மறுமொழி)

உங்கள் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டா? அன்று இரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்தார்களா? என் மாமனாருக்குக் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலை உணவைத் தள்ளிப்போட்டதால் சர்க்கரை 38-க்கு இறங்கி, ஒரு பக்கம் கைகால் விழுந்து, பார்த்தவர்கள் எல்லோரும் பக்கவாதம் என்றே நம்பிவிட்டோம். குளுக்கோஸ் ஏறிய பத்தாவது நிமிடம் எழுந்து உட்கார்ந்து, ஏன் எல்லோரும் நிற்கிறீர்கள் என்று கேட்டார். சர்க்கரை இறங்கினால் வலிப்பும் வரும் என்று அன்று மருத்துவர் சொன்னார்.

---

வடமராட்சியாள் (மறுமொழி)

உங்கள் தந்தையார் நலமடைந்ததை வாசித்து ஆறுதல் அடைந்தேன். எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேரெதிரானது என்பதால் எழுதுகிறேன். நாங்கள் இங்கே பக்கவாதத்தைப் பாரிசவாதம் என்றே சொல்வது வழக்கம்.

என் அம்மம்மாவுக்கு இளவயதிலிருந்தே வலிப்பு இருந்தது. வலிப்பு வந்து ஓய்ந்தபின் சில வேளைகளில் வலக்கை இரண்டு மூன்று மணித்தியாலம் சோர்ந்து கிடக்கும். படுத்து எழும்பினால் சரியாகிவிடும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. நான்கு வருடங்களுக்கு முன் ஒருநாள் பின்னேரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவருக்கு வலக்கை அப்படியே நின்றுவிட்டது; துருவலை வாயைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். உடல் துடிக்கவில்லை. கூப்பிட்டால் பார்க்கிறார், சொல் வரவில்லை. நாங்கள் வராத முன்பு வலிப்பு வந்து போயிருக்கும், வழக்கம்போலத் தெளிவார் என்று பாயில் கிடத்தி, போர்த்து விட்டோம். இரவு ஒன்பது மணியாகியும் கை அசையாததைப் பார்த்த பிறகுதான் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸுக்கு அழைத்தோம். வைத்தியசாலையில் பார்த்த வைத்தியர் எங்களைக் குறைசொல்லவில்லை. ஆனால் நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அம்மம்மா இரண்டு வருடங்கள் இருந்தார். கடைசிவரை என் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை, கையைப் பிடித்துக்கொள்வார்.

முன்பு வலிப்பு வந்தவருக்குத் துவண்டுபோவதெல்லாம் வலிப்பாலேதான் என்று நாங்கள் நினைத்தது பிழை. உங்கள் தந்தையாருக்கு இனி ஒருமுறை இடக்கை விழுந்தால், போன தடவையைப் போல மறுநாள் சரியாகும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

பொருநைக்கரை (கேள்வி கேட்டவர்)

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வடமராட்சி அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. அன்று பார்த்த அளவு 124. எம்.ஆர்.ஐ. முடிவு வந்துவிட்டது: வலப்பக்கத்தில் பழைய தழும்பு, புதிய அடைப்பு எதுவும் இல்லை, கசிவும் இல்லை. இ.இ.ஜி. முடிவில் 'இயல்பானது' என்று போட்டிருக்கிறது. இதைப் பார்த்ததும் அப்பா, மின்னோட்டம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு வலிப்பு மாத்திரை எதற்கு என்று கேட்கிறார். அத்தையோ, பக்கவாதமே இல்லை என்றாகிவிட்டதால் ஆஸ்பிரினையும் கொலஸ்டிரால் மாத்திரையையும் நிறுத்திவிடலாமா என்கிறார். மேலும் ஒரு சங்கடம்: மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து அப்பா எரிந்து விழுகிறார். அவர் வாழ்நாளில் அம்மாவைக் கடிந்து பேசி நாங்கள் கேட்டதில்லை.

---

நரம்பியல்_கோவை (மறுமொழி)

எம்.ஆர்.ஐ. முடிவு நல்ல செய்தி. திருநெல்வேலி மருத்துவர் சொன்னதோடு அது பொருந்துகிறது.

இ.இ.ஜி. என்பது இருபது முப்பது நிமிட நேரம் மூளையின் வாசலில் நின்று கேட்பது. அந்த நேரத்தில் உள்ளே சண்டை நடக்கவில்லை என்பதால் அந்த வீட்டில் சண்டையே வராது என்று முடிவுகட்ட முடியாது. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. இயல்பாகவே இருக்கும். உங்கள் தந்தைக்கு மாத்திரை வேண்டுமென்பதற்குக் காரணம் இ.இ.ஜி. அன்று, அந்தப் பழைய தழும்பு. பக்கவாதம் வந்த முதல் ஏழு நாள்களுக்குள் வரும் வலிப்பு அடிபட்ட மூளையின் உடனடி எரிச்சலால் வருவது. அது திரும்ப வரும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு. மாதங்கள், ஆண்டுகள் கழித்து வருவது வேறு வகை. தழும்பைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் தமக்குள் புதிதாகத் தொடர்புகளைப் பின்னிக்கொண்டு, எளிதில் கிளர்ந்தெழும் நிலைக்கு வந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். இரண்டு முறை வந்தால்தான் வலிப்பு நோய் என்ற பழைய வரையறையைப் பன்னாட்டு வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2014-இல் விரிவாக்கியது. ஒரே ஒருமுறை வந்திருந்தாலும், அடுத்த பத்து ஆண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் வலிப்பு நோயே. பக்கவாதத்துக்கு வெகுநாள் கழித்து வரும் முதல் வலிப்பு இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. முதியவர்களுக்குப் புதிதாக வலிப்பு வருவதற்கு உலகெங்கும் முதன்மைக் காரணமே பக்கவாதம்தான். இளையவர் ஒருவருக்கு முதல் வலிப்பு வந்தால் நம் ஊரில் மூளையில் நாடாப்புழுக் கூடோ காசநோய்க் கட்டியோ இருக்கிறதா என்று தேடுவோம். உங்கள் தந்தையைப் பொறுத்தவரை அந்தத் தேடல் தேவைப்படவில்லை.

ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது. சென்ற வாரம் வந்தது பக்கவாதம் அன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தது பக்கவாதம்தானே? அது மீண்டும் வராமல் காப்பதற்கான மாத்திரை ஒன்று, தழும்பின் கிளர்ச்சியை அடக்கும் மாத்திரை மற்றொன்று. ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை.

எரிந்து விழுவது உங்கள் தந்தையின் குணமாற்றம் அன்று, பெரும்பாலும் லெவெட்டிரசெட்டத்தின் வேலை. சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் தரும் மருந்து அது. தானாகச் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். கோபத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பை வரவழைக்கும். இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மெல்ல மாற்றலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஆறு மாதம் வீட்டில் சண்டையோடு இருந்துவிட்டு வந்தவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

---

ஓய்வுபெற்ற செவிலி (மறுமொழி)

அத்தையின் கவலைக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். வலிப்பு என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் அச்சத்தை நான் அறியாதவள் அல்லள். சட்டத்திலேயே அது இருந்தது: 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் மீண்டும் மீண்டும் வலிப்பு வருபவரின் திருமணம் செல்லாதென அறிவிக்கத் தக்கதாகவே இருந்தது, 1999-இல்தான் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை நீக்கினார்கள். ஆனால் உங்கள் தந்தைக்கு வந்தது 65 வயதுக்குமேல், ஒரு தழும்பினால் வந்தது. முழங்காலில் பட்ட காயத்தின் வடு எப்படிப் பெண்ணுக்குப் போகாதோ, அப்படியே இந்தத் தழும்பும் உங்கள் தங்கைக்குப் போகாது. ஊராருக்கு என்ன சொல்வதென்பது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் 108 ஊழியரிடமும் மருத்துவரிடமும் பக்கவாதம் என்று மாற்றிச் சொன்னால், தேவையில்லாத ஊசிக்கோ தேவையான மருந்து தாமதமாவதற்கோ அதுவே காரணமாகிவிடும். உங்கள் தந்தையின் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: பழைய பக்கவாதம் எந்தப் பக்கம், வலிப்பு வந்த நாள், உண்ணும் மாத்திரைகள், உங்கள் தொலைபேசி எண். எங்களிடம் நினைவில்லாமல் வந்தவர்களின் பையைத்தான் முதலில் துழாவுவோம்.

---

பொருநைக்கரை (கேள்வி கேட்டவர்)

சீட்டை நேற்றிரவே அப்பா தம் கையெழுத்தில் எழுதிவிட்டார். ஆசிரியர் அல்லவா, 'வலிப்பு' என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். அத்தை அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். மாத்திரையின் அளவை இரண்டு வாரத்துக்குப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம், அதற்குள் நேரில் வாருங்கள் என்றார்.

கடைசியாக ஒன்று. அப்பா என்னிடம் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி இதுதான்: ஆற்றுக்குக் குளிக்கப் போகலாமா?

---

நரம்பியல்_கோவை (மறுமொழி)

தனியாகப் போகவே கூடாது. ஆற்றில் இறங்கவும் கூடாது. முழங்கால் அளவு நீரில் வலிப்பு வந்தாலும் மூழ்கிவிடுவார். உடன் ஒருவர் இருக்க, படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். வெள்ளம் வரும் மாதங்களில் அதுவும் வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்டும் பழக்கம் இருந்தால் சாவியை அத்தையிடம் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள்.